கிணற்று நீச்சல்காரருக்கு ஒரு மேல்படிப்பு

கடலே இல்லாத மாவட்டத்தில், கடலுக்கடியில் மூச்சுவிடக் கற்றுக்கொடுப்பது என் தொழில்.

தர்மபுரியில் ஸ்கூபா பயிற்சியா என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் சிரிக்கிறவர்கள் உண்டு. சிரித்துவிட்டுப் போகட்டும். பாண்டிச்சேரியில் ஒரு பயிற்சி நிலையத்தில் வருஷக்கணக்கில் வேலை பார்த்துவிட்டு, கல்யாணமாகி அதியமான்கோட்டைக்கு வந்து சேர்ந்தவள் நான். என் கணவருக்கு ஹைவேயில் டயர் கடை. அதற்கு நாலு கட்டடம் தள்ளி ஒரு ஹோட்டல். அதன் பின்பக்கம் யாரும் குளிக்காத ஒரு நீச்சல்குளம் சும்மா கிடந்தது. வாடகைக்கு எடுத்துக்கொண்டேன். குளத்தில் தேறியவர்களை என் சின்ன மாமனாரின் நிலத்திலிருக்கும் பழைய கல்குவாரிக்கு அழைத்துப் போவேன். மழைத்தண்ணீர் தேங்கித் தேங்கி, ஒரு சின்னக் கடல் என்று மனதைத் தேற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆழம்.

முதல் படிப்புக்கு ஆள் வருவதில் குறையில்லை. பெங்களூரிலிருந்து சனிக்கிழமை காரில் வருகிறார்கள், நம்ம ஊர்க்காரர்களும் வருகிறார்கள். முடித்ததும் அத்தாட்சியாக ஒரு கார்டு கிடைக்கும். கார்டோடு போட்டோ எடுத்துக்கொண்டு போனால் போனதுதான். மேல்படிப்பு என்று பேச்செடுத்தால், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் இன்சூரன்ஸ் பேச ஆரம்பித்துவிட்டது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள்.

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர்களே, தையல் வகுப்பு எடுக்கிறவர்களே, பாதி கற்றுக்கொண்டு முழுசாகப் போய்விடுகிறவர்களோடு மாரடிக்கிற எல்லோருமே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும். ஆகவே அரூர் மாதையனைப் பற்றி உங்களிடம் சொல்கிறேன்.

தாலியும் கார்டும்

மாதையன் அரூரில் புளி வியாபாரி. ஐம்பதைத் தாண்டிய மனிதர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறைக்குள் கார்டு. ஆறு வருஷத்துக்கு முன்னால் வியாபாரிகள் கூட்டமாக அந்தமான் போனார்களாம். மற்றவர்கள் படகில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருக்க, இவர் மட்டும் பயிற்சியில் சேர்ந்து கார்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். அந்தத் துணிச்சலுக்கு இப்போதும் நான் கும்பிடு போடுவேன். அதற்குப் பிறகு, நடுவில் ஒரே ஒரு தடவை மகளோடு கடலில் இறங்கியதோடு சரி.

மகள் பெயர் கவிதா. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அப்பாவைப் பார்த்துத்தான் அவளும் கற்றுக்கொண்டாள். ஆனால் அவள் அப்பாவைப் போல ஒன்றோடு நிற்கவில்லை. மேல்படிப்பு முடித்து, அதற்கும் மேலே, ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்றும் பயிற்சியும் முடித்துவிட்டாள். மாசி மாதம் அவள் ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிறாள். அதற்குள் அந்தமானில் மூழ்கிக் கிடக்கும் ஒரு கப்பலை அப்பாவும் மகளுமாக ஜோடி சேர்ந்து இறங்கிப் பார்த்துவிட வேண்டும் என்பது மாதையனின் ஆசை. போனால் எப்போது திரும்பி வருவாளோ என்ற பயம் அந்த ஆசைக்குள் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை, அவர் முகம் சொன்னது.

கவிதா ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். அப்பா மேல்படிப்பு படிக்க வேண்டும். கடைசி ஆழப் பயிற்சியை அந்தமானிலேயே முடித்துக்கொள்ளலாம், மற்றதெல்லாம் இங்கே. முடிந்ததும், "இவரோடு நம்பி இறங்கலாம்" என்று சொல்லிக்கொடுத்தவர் தன் வாயால் அவளிடம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவள் வேறு ஜோடியோடு கப்பலுக்கு, அப்பா படகில் முறுக்குக்கு.

"அந்த ஒரு வார்த்தைய மட்டும் போன்ல சொல்லிடுங்க டீச்சரம்மா, நான் கெளம்பறேன்" என்றார் மாதையன், நாற்காலியில் சரியாக உட்காரக்கூட இல்லாமல். இத்தனை வருஷம் கழித்து இறங்குவதென்றால் முதலில் பழைய பாடத்தைத் தூசு தட்ட வேண்டும், அப்புறம்தான் புதுப் பாடம், வெறும் கார்டை நம்பி யாரையும் ஆழத்துக்கு அனுப்ப முடியாது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவர் கார்டை எடுத்து மேஜை மேல் வைத்து, அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முப்பது வருஷத்துக்கு முன்னாடி கட்டுன தாலியே இன்னும் செல்லுதுங்க, ஆறு வருஷத்துக் கார்டு செல்லாதுங்களா?"

கலப்படம்

எப்படியோ சேர்ந்துவிட்டார். முதல் நாள், தண்ணீரில் இறங்குவதற்கு முன் கருவிகளைச் சரிபார்ப்பது எப்படி என்று பாடம். ஜோடியாக இறங்குகிறவர்கள் ஒருவர் கருவியை இன்னொருவர் தொட்டுத் திறந்து பார்க்க வேண்டும். முதல் படிப்பிலேயே இது உண்டு. எல்லோரும் முதலில் மறப்பதும் இதைத்தான்.

எங்களிடம் சிலிண்டருக்குக் காற்று நிரப்புகிறவர் காதர் பாய். முன்பு பஸ் ஸ்டாண்டு பக்கம் பஞ்சர் கடை வைத்திருந்தவர், பிறகு பாண்டிச்சேரியில் பயிற்சி எடுத்துக்கொண்டு என்னோடு சேர்ந்தார். மாதையன் அவரைப் போட்டு ஒரு பாடு படுத்திவிட்டார். உள்ளே இருப்பது ஆக்சிஜனா, வெறும் காற்றா? வெறும் காற்றென்றால் எங்கே பிடித்த காற்று? லாரிப் புகை கலந்திருக்காதா? வடிகட்டி இருக்கிறதா, அதை எப்போது மாற்றினீர்கள்? கொட்டையோடு புளியை வாங்கி ஏமாந்த அனுபவம் பேசியது. கேட்டதெல்லாம் நியாயமான கேள்விதான். சிலிண்டரின் வாயருகே மூக்கை வைத்து, கொஞ்சம் காற்றைத் திறந்துவிடச் சொல்லி மோந்து பார்த்து, தலையாட்டி, "பரவாயில்ல, சுத்தமாத்தான் இருக்குது" என்று சர்டிபிகேட் கொடுத்தார்.

பிறகு சிலிண்டரை முதுகில் மாட்டினார். பெல்ட்டை இறுக்கினார். ஜோடியாக இறங்க வேண்டிய நான் சரிபார்க்கத் திரும்புவதற்குள், குழாயை வாயில் கடித்துக்கொண்டு குளத்துக்குள் குதித்துவிட்டார். குதித்த வேகத்தில் வெளியே வந்தார். மோந்து பார்ப்பதற்காகத் திறந்த வால்வை காதர் பாய் திரும்ப மூடியிருந்தார், அது மூடியபடியே இருந்தது. நல்லவேளை, இடுப்பளவுத் தண்ணீர்.

இருமி முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, எந்தக் குற்ற உணர்ச்சியும் இல்லாமல் சொன்னார்:

"கலப்படம் இல்லன்னு பாத்தேனுங்க, தொறந்திருக்குதான்னு பாக்கல."

ஒரு பிடி மண்

எங்கள் பக்கம் நீச்சல் பழகுவது கிணற்றில். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தள்ளிவிடுவார்கள். கொஞ்சம் தேறியதும் மேட்டிலிருந்து குதிக்க வேண்டும். அதற்கப்புறம் பெரிய பரீட்சை: மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அடிவரைக்கும் போய், ஒரு பிடி மண் அள்ளிக்கொண்டு வந்து மேலே நிற்பவர்களிடம் காட்ட வேண்டும். மண் இல்லாமல் வந்தால் பாதியில் திரும்பிவிட்டான் என்று அர்த்தம். நானும் அப்படிப் பழகியவள்தான்.

ஸ்கூபாவில் முதல் சட்டம் இதற்கு நேர் எதிர். எந்தக் காரணத்துக்காகவும் மூச்சைப் பிடிக்கக் கூடாது. தண்ணீருக்கடியில் இழுத்த காற்று மேலே வரவர விரியும், மூச்சைப் பிடித்திருந்தால் நுரையீரல் தாங்காது. இதை நான் கரும்பலகையில் எழுதி, வாயால் சொல்லி, மாதையனைத் திரும்பச் சொல்லவும் வைத்தேன். அழகாகச் சொன்னார். தண்ணீருக்குள் போனதும் கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்தார். குமிழி வரவில்லை. நான் ஆள்காட்டி விரலால் என் குழாயைத் தட்டிக் காட்டினேன். ஒரு குமிழி விட்டார். மறுபடி உப்பிக்கொண்டார். பிற்பாடு கேட்டதற்கு, காற்றை மிச்சம் பண்ணினாராம்.

சரி, பழக்கம், போகப் போகச் சரியாகும் என்று விட்டால், குளத்தின் ஆழமான பக்கம் போனதும் அடியில் எதையோ தேடித் துழாவ ஆரம்பித்தார். குளத்துக்கு அடியில் நீல டைல்ஸ். மண் கிடையாது. அவர் விடவில்லை. மூலைக்கு மூலை தடவிக்கொண்டு போனார். மேலே வந்ததும் மூடிய கையை நீட்டி என் முகத்துக்கு நேரே திறந்தார். உள்ளே ஒரு உடைந்த ஹேர் கிளிப். இது எதற்கு என்று கேட்டேன்.

"வெறுங்கையோட வந்தா அடி வரைக்கும் போனதை யாருங்க நம்புவாங்க?"

ஏரியூர் மோட்டார்

ஒரு நாள் வகுப்புக்கு நடுவில் போன் வந்தது. ஏரியூர்ப் பக்கம் ஒரு விவசாயி. பேச்சிலேயே அவசரம் தெரிந்தது. கிணற்றில் இறக்கியிருந்த மோட்டார் கயிறு அறுந்து விழுந்துவிட்டது, தண்ணீருக்கடியில் மூச்சுவிடத் தெரிந்த டீச்சர் இருப்பதாகக் கேள்விப்பட்டேன், ஜீப் அனுப்பட்டுமா என்றார். தக்காளிச் செடி வாடுகிறது என்றும் சொன்னார். எனக்கு மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஆனால் முடியாது என்றேன். கிணறு வேறு, கடல் வேறு. குறுகிய இடம், கலங்கல் தண்ணீர், கயிறும் ஒயரும் காலைச் சுற்றும், மேலே நிற்பவர்களும் அதற்கென்று பழகியிருக்க வேண்டும். அந்த வேலைக்குத் தனிப் பயிற்சி இருக்கிறது. அதை நான் படிக்கவில்லை. படித்தவர்களை விசாரித்துச் சொல்கிறேன், அதுவரைக்கும் தயவுசெய்து நீங்கள் யாரும் இறங்காதீர்கள் என்றேன்.

பக்கத்தில் மாதையன் ஈரத் தலையோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். டீச்சருக்கே தெரியாத பாடம் இருக்கிறது என்பது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்ததை முகத்தில் பார்த்தேன். போன் ஸ்பீக்கரில் இருந்ததால், ஏரியூர்க்காரர் கடைசியாகச் சொன்னதையும் அவர் ரசித்துக் கேட்டார்.

"இத்தன படிச்சும் எங்க கெணத்துல எறங்க முடியாதுன்னா, அது என்னங்க படிப்பு?"

கையிருப்பு

இதுவரை சொன்னதெல்லாம் சாதாரணக் கஷ்டம். அசல் கஷ்டம் கல்குவாரியில்தான் ஆரம்பித்தது.

தண்ணீருக்குள் பேச முடியாது. எல்லாம் கைச்சாடை. அதில் முக்கியமானது, 'உன்னிடம் எவ்வளவு காற்று மிச்சம்' என்ற கேள்வி. ஒவ்வொருவர் இடுப்புப் பக்கமும் ஒரு மீட்டர் தொங்கும். நிறைந்த சிலிண்டர் என்றால் இருநூறு காட்டும். ஐம்பதுக்கு வரும்போது தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும். கேட்டால் மீட்டரைப் பார்த்து விரலால் எண்ணிக்கை காட்ட வேண்டும். குழந்தைக்கும் புரியும் விஷயம்.

மாதையனைக் கேட்டேன். அவர் மீட்டரைப் பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். எங்கள் இருவரையும் தவிர அங்கே இருந்தவை சில கெளுத்தி மீன்கள். இடது கையால் மறைத்துக்கொண்டு, நெஞ்சோடு ஒட்டி, வலது கையில் விரல்களைக் காட்டினார். எண்பது என்று அர்த்தம். எனக்குச் சந்தேகம் வந்து மீட்டரை இழுத்துப் பார்த்தேன். நூற்றி இருபது இருந்தது.

அடுத்த நாள் கேட்டேன். நூற்றிப் பத்து என்று காட்டினார். மீட்டரில் எழுபது. ஒரு நாள் குறைத்து, ஒரு நாள் கூட்டி, சந்தை நிலவரத்துக்குத் தகுந்த மாதிரி. மீட்டரைப் படிக்கத் தெரியவில்லையோ என்று கரையில் வைத்துச் சோதித்தேன். கண்ணாடி போடாமலே சரியாகப் படித்தார். தெரிந்தேதான் மாற்றிச் சொல்கிறார்.

கரையில் உட்கார வைத்துக் கேட்டபோது, ஒளிவுமறைவில்லாமல் விளக்கினார். அவருடைய அப்பா மாட்டுத் தரகர். சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்துத்தான் விலை பேசுவார், பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. இவர் புளிக்கு வந்தார். கோடோனில் எத்தனை மூட்டை இருக்கிறது என்று எவன் கேட்டாலும் இவர் வாயிலிருந்து நிஜம் வந்ததில்லை. வரத்து அதிகமென்றால் குறைத்துச் சொல்வார். வாங்க வந்தவன் வேறு கடைக்குப் போய்விடுவானோ என்று தோன்றினால் கூட்டிச் சொல்வார். முதல் நாள் ஏன் குறைத்தீர்கள் என்றேன். "ஒரு பாதுகாப்புக்கு" என்றார். அடுத்த நாள் ஏன் கூட்டினீர்கள்? "கொறைவா இருக்குன்னா மேல போலாம்பீங்க. எனக்கு இன்னும் கொஞ்சம் பாக்கணும்னு இருந்துச்சு."

அன்று சாயங்காலம் கவிதாவுக்குப் போன் செய்தேன். நான் கேட்காமலே அவள் சொன்னாள். நடுவில் ஒரு தடவை அப்பாவோடு இறங்கினாளே, அன்றைக்கு இவள் கேட்டபோதெல்லாம் அப்பா நிறைய இருப்பதாகக் காட்டியிருக்கிறார். திடீரென்று அவருக்குக் காற்று தீர்ந்து, அவசரத்துக்கென்று இவள் மாட்டியிருந்த உபரிக் குழாயைப் பிடுங்கிக் கடித்துக்கொண்டு இருவரும் மேலே வந்திருக்கிறார்கள். கரைக்கு வந்து அவள் அழுததற்கு, உப்புத் தண்ணீர் கண்ணில் பட்டுவிட்டது என்று அம்மாவிடம் சொன்னாராம். அதற்கப்புறம்தான் அந்த நிபந்தனை.

"எங்கப்பாவுக்கு நீச்சல் தெரியும், தைரியம் இருக்கு, எல்லாம் இருக்கு மேடம், எவ்ளோ இருக்குன்னு மட்டும் சொல்ல வராது."

சாப்பாட்டுக் கூடை

அடுத்த ஞாயிறு மாதையனின் மனைவி அலமேலு சாப்பாட்டுக் கூடையோடு குவாரிக்கு வந்தார். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்று பழக்கமில்லாதவர். கரையிலிருந்து நன்றாகத் தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டார். அன்றும் மாதையன் விரலை மறைத்துக் காட்டினார், அன்றும் மீட்டர் வேறு சொன்னது.

மேலே வந்ததும் நான் முடிவாகச் சொல்லிவிட்டேன். நீங்கள் திசை பார்த்து நீந்துகிறீர்கள், ஒரே மட்டத்தில் மிதக்கிறீர்கள், மூச்சையும் இப்போது பிடிப்பதில்லை. எல்லாம் சரி. ஆனால் உங்களோடு நம்பி இறங்கலாம் என்று உங்கள் மகளிடம் நான் சொல்ல மாட்டேன். ஜோடிக்காரரின் காற்றை நம்பித்தான் அவள் தன் காற்றைக் கணக்குப் போடுவாள். நீங்கள் சொல்வது பொய்யென்றால் அவள் கணக்கும் பொய்.

மாதையனுக்குக் கோபம் வந்துவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பெங்களூரில் இதைவிடச் சீக்கிரம் முடித்துத் தருகிறார்களாம் என்றார். கிளம்பிக் காருக்குப் போய்விட்டார். எனக்கும் கோபம்தான். கூடவே, அவர் முதுகைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. கூடையைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு எழுந்த அலமேலுவிடம், கோபித்துக்கொள்ளாதீர்கள், உயிர் விஷயம் என்றேன். எவ்வளவு காற்று என்று கேட்டால் சரியாகச் சொல்ல மாட்டேன் என்கிறார் என்று விளக்கினேன்.

அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

"கோடோன்ல எத்தன மூட்ட இருக்குன்னு கட்டுனவளுக்கே இன்னும் தெரியாதுங்க டீச்சர், உங்களுக்கு அதுக்குள்ள சொல்லிடுவாருங்களா?"

என் முறை

கொஞ்ச நாள் ஆள் வரவில்லை. பிறகு ஒரு காலையில் குவாரிக் கரையில் வந்து நின்றார். முகம் வாடியிருந்தது. கவிதா கப்பலுக்குப் போக வேறு ஜோடி பேசிவிட்டாளாம். நேரில் சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், ரொம்ப அமைதியாகச் சொல்லிவிட்டாள் என்றார். பெங்களூர்ப் பேச்சை நான் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

இறங்கினோம். அன்றைக்கு நான் பாடத்தை மாற்றிக்கொண்டேன். இத்தனை நாள் நான் கேட்டேன், அவர் சொன்னார். இன்று அவர் கேட்க வேண்டும், நான் சொல்ல வேண்டும். அதிக ஆழமில்லாத இடம், காதர் பாயும் தண்ணீருக்குள் எங்களைப் பார்த்தபடி பக்கத்திலேயே இருந்தார். மாதையன் என்னைக் கேட்டார். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன், இடது கையால் மறைத்தேன், நூற்றி முப்பது என்று காட்டினேன். அவர் நம்பினார். கொஞ்ச தூரம் போனோம். மறுபடி கேட்டார். நூற்றி இருபது. நம்பி, நிம்மதியாக முன்னால் நீந்தினார். நான் அவர் தோளைத் தட்டித் திருப்பி, கழுத்தை அறுப்பது போலக் கையை இழுத்துக் காட்டினேன். காற்று தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். வாயிலிருந்த குழாயை எடுத்துவிட்டேன்.

கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண் அப்படி விரிந்து நான் பார்த்ததில்லை. ஒரு நொடி உறைந்து நின்றார். பிறகு சொல்லிக்கொடுத்தபடியே உபரிக் குழாயை என் வாயருகே நீட்டினார், என் முன்கையைப் பிடித்தார், அவசரப்படாமல், மூச்சை விட்டுக்கொண்டே, மெதுவாக என்னை மேலே கொண்டுவந்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. மேலே வந்து என் மீட்டரைத் தூக்கிக் காட்டினேன். பாதிக்கு மேல் காற்று இருந்தது, பயிற்சிக்காகச் செய்தது என்றேன். அவர் அதைப் பார்க்கவேயில்லை. கரையைப் பிடித்துக்கொண்டு, பாறையெல்லாம் எதிரொலிக்கக் கத்தினார்.

"ஏம்மா, இருக்கறத இருக்கறபடி சொல்றதுக்கு என்னம்மா கேடு உங்களுக்கு? கூட வர்றவன் உசுரு உசுரு இல்லையா?"

கத்தி முடித்ததும் அவரே அடங்கி, தண்ணீரில் இடுப்பளவு நின்றபடி ரொம்ப நேரம் தன் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நான் கேட்காமலே, கையை முழுசாக நீட்டி, எல்லோருக்கும் தெரியும்படி விரல்களைக் காட்டினார். மீட்டரும் அதையே சொன்னது. அதற்கு முன் அவரை எப்போதும் 'மொதலாளி' என்று கூப்பிட்டுவந்த காதர் பாய், கரையேறி, அவர் முதுகிலிருந்து சிலிண்டரைக் கழற்றியபடி சொன்னார்:

"அண்ணா, இன்னிக்குத்தான் காத்துல கலப்படம் இல்ல."

கப்பல்

அடுத்தடுத்த பயிற்சிகளிலும் அவர் விரல் ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை. கவிதாவுக்குப் போன் செய்து, அவள் கேட்ட வார்த்தையைச் சொன்னேன். பேசிவைத்த ஜோடியை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். தை மாதம் மூன்று பேரும் அந்தமான் போனார்கள். அவர்கள் போன நாளிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. வார்த்தை கொடுத்தவள் நான். குவாரியில் சொன்ன நிஜத்தைக் கடலிலும் சொல்வாரா என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் போன் வந்தது. கவிதா. படகுத்துறையிலிருந்து பேசினாள், பின்னால் காற்றுச் சத்தம். அப்பாவும் அவளுமாக இறங்கினார்களாம், கூடவே அங்கத்திய பயிற்சியாளர் ஒருவர். கப்பலின் முன்பகுதியைப் பார்த்தாயிற்று. பின்பகுதிக்குப் போகும் வழியில்தான் பெரிய ஆமை ஒன்று, அவர்களுக்கு முன்னால், அவசரமே இல்லாமல் திரும்பியது. அப்பா அதன் பின்னால் போக ஆரம்பித்தார். அப்போது இவள் கேட்டாள்: எவ்வளவு?

"நான் பயந்துட்டேதான் கேட்டேன் மேடம். நிறைய இருக்குன்னு சொல்லுவாருன்னு நெனச்சேன். அவரு ஆமையைப் பாத்தாரு, மீட்டரைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. அப்புறம் கைய நல்லா நீட்டி எழுபதுன்னு காட்டுனாரு. நான் பக்கத்துல போய் மீட்டரைப் பாத்தேன். எழுபதுதான். மேல போலாம்னு அவரே சாடை காட்டுனாரு. பாதிக் கப்பல் பாக்கவே இல்ல." அவள் குரல் உடைந்தது. இந்தத் தடவை உப்புத் தண்ணீரைக் காரணம் சொல்ல ஆளில்லை. "படகுல ஏறுனதும் மூடுன கைய என் முகத்துக்கு நேரா நீட்டித் தொறந்து காட்டுனாரு மேடம். உள்ள ஒண்ணுமே இல்ல."

ஹைவேயில் லாரி போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அதற்குள் போன் கை மாறியது. அலமேலு. படகில் உட்கார்ந்து முறுக்குத் தின்றவர் அவர்தான். விவரம் எல்லாம் மகள் சொல்லிவிட்டாளாம். மாதையன் அந்த மாதிரி கையை விரித்து நிஜத்தைச் சொன்னதை அவளிடம் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டிருக்கிறார். குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் யாரும் இல்லாததை உறுதி செய்துகொண்டவர் போல நிதானமாகக் கேட்டார்:

"அந்த ஆழத்துக்குக் கூட்டிட்டுப் போனாத்தான் இந்த மனுசன் உள்ளதச் சொல்லுவாருன்னா, அந்தப் படிப்புல என்னையும் சேத்துக்குங்க டீச்சர், கோடோன் சமாச்சாரம் ஒண்ணு கேக்கணும்."

ஆகவே, மேல்படிப்பின் அருமையை இத்தனை வருஷம் தொண்டை வறளச் சொல்லியும் ஒருவரைக்கூட நகர்த்த முடியாத நான் இப்போது, ஒரு கோடோனில் எத்தனை புளி மூட்டை என்று அறிவதற்காக முழங்கால் தண்ணீருக்கே பயந்த ஒரு அம்மாவுக்கு ஞாயிறுதோறும் முதல் பாடத்திலிருந்து மூச்சுவிடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.